கூடி ஆடும் விளையாட்டும் கூர்ந்து நோக்கும் சோதனையும்

பலர் ஓரிடத்தில் கூடிப் பொழுது போக்குவதற்கென ஆடும் விளையாட்டுக்கள் இந்திய மக்களுக்குப் புதியவை அல்ல. பாட்டின் ஈற்றெழுத்தைக் கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாக்ஷரியும், வாய் திறவாமல் சைகையாலேயே ஒரு பெயரை உணர்த்தும் ஆட்டமும், விடுகதைப் போட்டியும் வீட்டு விசேஷங்களிலும் இரயில் பயணங்களிலும் நெடுநாளாக வழங்கி வருபவை. இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கூடியிருக்கும் மனிதர்களே போதும். ஏறத்தாழக் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இவ்வகை விளையாட்டு கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. பொழுதுபோக்குக்காக அமைந்த இச்செயலிகளின் முறையைப் பின்பற்றி, சொற்பயிற்சி, சுகாதாரம், கணிதம் முதலியவற்றைக் கற்பிக்கும் கூட்டு விளையாட்டுக்களும் இப்போது ஆக்கப்படுகின்றன. அவற்றுள் சில வகுப்பறைகளுக்கும் கிராமக் கூட்டங்களுக்கும் வந்து சேர்கின்றன.

இத்தகைய செயலியை அமைப்பது எளிய காரியம்போலத் தோன்றும். சில படங்கள், சில வினாக்கள், ஒரு கடிகாரம், வெற்றி பெற்றவரின் பெயரை அறிவிக்கும் ஓர் ஒலி ஆகியவை இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். ஆனால் இவ்வனைத்தும் பொருந்தியும் ஐந்து நிமிஷத்தில் கைவிடப்படும் விளையாட்டுக்கள் உண்டு. மிக எளிய அமைப்பே உடையனவாயினும் மீண்டும் மீண்டும் ஆடப்படுவனவும் உண்டு. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அமைப்பாளர் தம் மேசையருகே அமர்ந்து கண்டறிய இயலாது. ஆடுவோரை அருகிருந்து நோக்கித் திருத்தப்படாத கூட்டு விளையாட்டு எதுவும் வகுப்பறைக்கு அனுப்பப்படலாகாது. அவ்வாறு நோக்கும் பணியில் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் உரிய இடம் அளிக்கப்படவும் வேண்டும்.

விளையாட்டு திரையில் இல்லை

தனி ஒருவர் ஆடும் கைபேசி விளையாட்டில், ஆட்டம் முழுவதும் திரையிலேயே நிகழ்கிறது. கூட்டு விளையாட்டில் நிலைமை வேறு. அங்கே திரை ஒரு தூண்டுகோல் மட்டுமே. ஆட்டம் மனிதர்களுக்கிடையே நிகழ்கிறது. மூன்று எடுத்துக்காட்டுக்களால் இது தெளிவாகும்.

2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஹெட்ஸ் அப் என்னும் செயலியில், ஒருவர் கைபேசியைத் தம் நெற்றியின்மேல் பிடித்துக்கொள்கிறார். திரையில் தோன்றும் சொல் அவருக்குத் தெரியாது. எதிரே இருப்போர் குறிப்புக் கொடுக்க, அவர் அச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை சரியாயின் கைபேசியைக் கீழ்நோக்கியும், விட்டுவிட விரும்பினால் மேல்நோக்கியும் சாய்க்க வேண்டும். இங்கே ஆட்டத்தின் மையமாக விளங்குபவரே திரையைக் காண்பதில்லை.

2012 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த ஹென்றி ஸ்மித் என்பவர் ஸ்பேஸ்டீம் என்னும் விளையாட்டை வெளியிட்டார். இதில் ஒவ்வொருவர் கைபேசியிலும் ஒரு விண்கலத்தின் விசைகள் சில தோன்றும். ஆனால் ஒருவருக்கு வரும் கட்டளை, பெரும்பாலும் மற்றொருவர் கையிலுள்ள விசையைப் பற்றியதாகவே இருக்கும். ஆகவே எல்லாரும் ஒரே சமயத்தில் கூவவும் வேண்டும், பிறர் கூவுவதைக் கேட்கவும் வேண்டும். இவ்விளையாட்டின் முறையையே கொண்டு, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போரின் பேச்சுப் பயிற்சிக்கென ஒரு தனிப் பதிப்பு, மான்ட்ரியாலிலுள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தாரின் ஒத்துழைப்புடன் பின்னர் ஆக்கப்பட்டது. ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி இது. கூச்சத்தால் வாய் திறவாத மாணவர், கலம் விபத்துக்குள்ளாகும் பரபரப்பில் கூச்சத்தை மறந்து பேச வாய்ப்பு உண்டாகிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு, கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த ஸ்டீல் கிரேட் குழுவினர் 2015 இல் வெளியிட்ட, வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் விளையாட்டு. கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ் என்பது அதன் பெயர். ஒருவர் மட்டும் குண்டைக் காண்பார்; ஏனையோர் கையில் விளக்க ஏடு மட்டும் இருக்கும். 2014 ஜனவரியில் நடந்த விளையாட்டாக்கக் கூட்டம் ஒன்றில் இதன் முதல் வடிவம் உருவாயிற்று. மெய்நிகர்த் தோற்றம் காட்டும் முகக்கருவியை ஒருவர் அணிந்து ஆட, மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை மட்டுமே பார்த்திருந்ததை அமைப்பாளர்கள் கண்டனர். சும்மா நிற்போருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்னும் எண்ணம் அக்காட்சியிலிருந்தே பிறந்தது. பின்னர் 2019 இல் இவ்விளையாட்டு கைபேசிக்கும் வந்தது. ஆடுபவரைப் பார்ப்பதோடு நில்லாமல் ஆடாதவரையும் பார்த்ததால் விளைந்த பயன் இது.

அமைப்பாளரின் கண்ணுக்குப் புலப்படாதது

விளையாட்டை அமைத்தவருக்கு அதன் விதிகள் மனப்பாடம். எந்தப் பொத்தான் எதற்கு என்பதை அவர் ஒருபோதும் தேடுவதில்லை. ஆதலால் புதிதாக வருபவர் எங்கே தயங்குவார் என்பதை அவரால் உணர முடிவதில்லை. பாடநூலை நன்கறிந்த ஆசிரியருக்கு, மாணவர் எந்த வரியில் இடறுவார் என்பது சில சமயம் தெரியாமற்போவதும் இதைப் போன்றதே.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களான ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் ஆகிய இருவரும் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் மூன்று நெறிகளை வகுத்துரைத்தனர். பயன்படுத்தப் போகிறவர்களைத் தொடக்கத்திலேயே அறிதல் முதலாவது. அவர்கள் பயன்படுத்துவதைக் கண்டு அளவிடுதல் இரண்டாவது. குறையைத் திருத்தி மறுபடியும் சோதித்தல் மூன்றாவது. கணினிகளுக்கெனச் சொல்லப்பட்ட இந்நெறிகள் கைபேசி விளையாட்டுக்கும் அப்படியே பொருந்தும். இவை வெறும் பொது அறிவு என்று தோன்றலாம்; எனினும் காலக்கெடு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவனவும் இவையே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். அபிப்பிராயம் கேட்பது வேறு. நடத்தையை நோக்குவது வேறு. 'விளையாட்டு எப்படி இருக்கிறது?' என்று வினவினால், 'நன்றாயிருக்கிறது' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். கேட்பவர் மேலிடத்திலிருந்து வந்த அலுவலராயின் வேறு விடையை எதிர்பார்ப்பதும் வீண். விருந்தினரின் மனம் நோகப் பேசலாகாது என்பது நம் மக்களின் வழக்கம், அவ்வழக்கம் நல்லதே. ஆனால் அது ஆராய்ச்சிக்கு உதவாது. ஒரு சிறுமி கைபேசியைக் கையிலேந்தி, அடுத்து எதைத் தொடுவதென்று அறியாமல் தோழியின் முகத்தைப் பார்க்கும் அந்தச் சில விநாடிகள், பத்துக் கேள்வித்தாள்கள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

நோக்குபவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளுள் கடினமானது வாய் திறவாதிருத்தல். ஆடுவோர் தடுமாறும்போது உதவி செய்ய நாக்கு துடிக்கும். உதவி செய்தால் குறை மறைந்துவிடும். செயலி அடுத்த ஊருக்குப் போகும்போது உதவ அவர் அங்கே இருக்கமாட்டார். சோதனைக்கு உள்ளாவது விளையாட்டேயன்றி ஆடுவோர் அல்லர் என்பதைத் தொடக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பின்வரிசையில் அமர்ந்து குறித்துக்கொள்வதே முறை.

எத்தனை பேரைக் கொண்டு சோதிப்பது?

சோதனை என்றதும் பெருந்தொகையும் நூற்றுக்கணக்கான ஆட்களும் வேண்டும் என்னும் அச்சம் எழுவது இயல்பு. இது குறித்து யாகோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோர் 1993 இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த பல சோதனைகளின் சராசரிப்படி, ஒருவரைக் கொண்டு சோதித்தால் பயன்படுத்துவதில் உள்ள குறைகளுள் ஏறத்தாழ 31 சதவீதம் வெளிப்படும். இரண்டாமவர் காட்டும் குறைகளுள் சில முதலாமவர் காட்டியவையாகவே இருக்கும். எனவே இருவரால் 52 சதவீதமும், மூவரால் 67 சதவீதமும், ஐவரால் 84 சதவீதமும் வெளிப்படும். அதற்குமேல் ஆட்களைக் கூட்டினால் புதிதாகக் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே பதினைந்து பேரை ஒரே முறை சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்துத் திருத்தி, மேலும் ஐந்து பேரைச் சோதித்துத் திருத்தி, இன்னும் ஐந்து பேரைச் சோதிப்பதே சிறந்தது என்பது நீல்சன் பின்னர் வற்புறுத்திய கருத்து.

இக்கணக்கை வேதவாக்காகக் கொள்வதும் பிழை. ஜேரட் ஸ்பூல், வில் ஷ்ரோடர் ஆகியோர் 2001 இல் இணைய அங்காடிகளைச் சோதித்தபோது, முதல் ஐவரால் 35 சதவீதக் குறைகளே வெளிப்பட்டன. காரணம் எளிது. ஒருவரால் வெளிப்படும் பங்கு எங்கும் 31 சதவீதமாக இருப்பதில்லை. அது 10 சதவீதமாயின், அதே கணக்கின்படி ஐவரால் 41 சதவீதமே கிடைக்கும். பொருள் எவ்வளவு சிக்கலோ, ஆடுவோர் எவ்வளவு வேறுபட்டவரோ, அவ்வளவுக்குச் சோதனையும் பெருக வேண்டும்.

கூட்டு விளையாட்டுக்கு மற்றொரு நுட்பமும் உண்டு. ஐந்து பேர் ஒரே அறையில் ஒரே ஆட்டத்தை ஆடினால், அது ஐந்து சோதனைகள் ஆகாது, ஒரே சோதனைதான். ஒருவர் சிரித்தால் மற்றவரும் சிரிப்பர். ஒருவர் விதியைத் தவறாகக் கொண்டால் கூட்டம் முழுவதும் அவ்வழியே செல்லும். ஆகவே இங்கே எண்ண வேண்டியது ஆட்களை அன்று, கூட்டங்களை. ஒரு வகுப்பு மாணவர் ஒரு கூட்டம். வெவ்வேறு வகுப்பினர் கலந்தது ஒரு கூட்டம். சகோதரிகளும் அத்தையும் பாட்டியும் சேர்ந்த வீட்டுக் கூட்டம் மற்றொன்று. ஒருவரையொருவர் அறியாதோர் கூடிய பயிற்சி முகாம் இன்னொன்று. ஐந்து கூட்டங்களை நோக்கியபின்பே ஐவரை நோக்கியதாகக் கருதலாம்.

மேலும், ஒருமுறை ஆடியவர் இரண்டாம் முறை புதியவர் ஆவதில்லை. விதி புரிகிறதா என்று அறிய, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய ஆட்கள் வேண்டும். முன்பு ஆடியவர்கள் வேறொன்றை அறிய உதவுவர்: பத்தாம் முறை ஆடும்போதும் விருப்பம் நிலைக்கிறதா என்பதே அது.

எவற்றை நோக்க வேண்டும்?

முதலாவது, கைபேசியைக் கையில் கொடுத்தது முதல் முதல் ஆட்டம் சரியாகத் தொடங்கும் வரை கழிந்த நேரம். கூட்டமாக இருப்போர் விதிகளைப் படிப்பது அரிது. ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வார். அவர் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். செயலியில் எழுதப்பட்ட பத்து வரி விதியைவிட, பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் தம்பிக்குச் சொல்லும் இரண்டு வரி விதி தெளிவாக இருக்கக்கூடும். அப்படியாயின் அவ்விரண்டு வரிகளே செயலியில் இடம்பெறத் தக்கவை.

இரண்டாவது, யார் சும்மா இருக்கிறார் என்பது. ஆறு பேர் கூடிய ஆட்டத்தில் ஒருவரின் முறை ஒரு நிமிஷம் நீடித்தால், மற்றவர் தம் முறைக்கு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவருக்கு வேலை உண்டா? குறிப்புக் கொடுக்கும் வேலையோ, வாக்களிக்கும் வேலையோ இல்லாவிடில் அவர் கவனம் வேறிடம் சென்றுவிடும்.

மூன்றாவது, உடலும் இடமும் கருவியோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பது. கைபேசியைச் சாய்த்து ஆடும் விளையாட்டை எடுத்துக்கொள்க. கைபேசியினுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி உள்ளது. கைபேசி அசையாதிருக்கையில் அது புவியீர்ப்பின் திசையைக் காட்டும். மூன்று அச்சுக்களில் கிடைக்கும் அளவுகளைக் கொண்டு கைபேசி எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்று கணக்கிடப்படுகிறது. சாய்வு ஒரு வரம்பைக் கடந்தால் விடை சரி என்று செயலி கொள்கிறது. ஆனால் கை குலுங்கினால் அக்குலுக்கலின் முடுக்கமும் ஈர்ப்போடு கலந்து கணக்கைக் கெடுக்கும். நாற்காலியில் அமர்ந்து நிதானமாகச் சாய்த்துப் பார்க்கும் அமைப்பாளருக்கு வரம்பு சரியாகவே தோன்றும். வயிறு குலுங்கச் சிரிக்கும் குழந்தையின் கையிலோ, விடை சொல்லாமலேயே மதிப்பெண் விழும். வரம்பை உயர்த்தினால் சிறிய கைகளுக்குச் சாய்ப்பது சிரமமாகும். சரியான அளவை ஏட்டுக் கணக்கு தராது. சிரித்து ஆடும் குழந்தைகளை நோக்கியே அதை நிர்ணயிக்க முடியும்.

நான்காவது, யாரை இவ்விளையாட்டு வெளியே நிறுத்துகிறது என்பது. 2018 ஜூனில் அமெரிக்காவின் இன்னர்ஸ்லாத் நிறுவனத்தார் வெளியிட்ட அமங் அஸ் என்னும் விளையாட்டு, முதலில் ஓரிடத்தில் கூடியோர் கைபேசியில் ஆடுவதற்கென்றே கருதப்பட்டது. 1986 இல் மாஸ்கோவில் திமித்ரி தவீதோவ் வகுத்த மாஃபியா என்னும் அறைவிளையாட்டின் வழிவந்தது அது. அதில் ஒரே நிறக் கம்பிகளை இணைக்கும் பணி ஒன்று உண்டு. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் அப்பணியில் தவித்தனர். 2020 இல் அவ்விளையாட்டு உலகெங்கும் பரவிய பின்னர், கம்பிகளுக்கு நிறத்தோடு குறிகளும் சேர்க்கப்பட்டன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் குன்றியோர் ஆண்களுள் அரியவர் அல்லர். ஒரு பெரிய வகுப்பில் ஒருவரேனும் இருக்கக்கூடும். அக்குறையைத் தாமே அறியாத மாணவரும் உண்டு. தொடக்கத்திலேயே அத்தகையோர் ஒருவர் ஆடுவதை நோக்கியிருந்தால் திருத்தம் முன்னரே வந்திருக்கும்.

தாளும் கடிகாரமும் போதும்

முதற் சோதனைக்குச் செயலியே வேண்டியதில்லை. நெற்றிச் சொல் விளையாட்டை அஞ்சலட்டை அளவுத் துண்டுகளில் சொற்களை எழுதி, ஒரு கடிகாரத்தைக் கொண்டு ஆடிப் பார்க்கலாம். கைபேசி செய்ய வேண்டிய வேலையை ஒருவர் மறைவிலிருந்து செய்வதும் உண்டு. 1983 இல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள், பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் யந்திரம் மக்களுக்கு உதவுமா என்று அறிய விரும்பினர். அத்தகைய யந்திரம் அன்று இல்லை. ஆகவே மறைவில் ஒரு தட்டச்சாளரை அமர்த்தி, பேசுவோரின் சொற்களை அவர் தட்டச்சு செய்யத் திரையில் தோன்றச் செய்தனர். யந்திரம் பிறக்கும் முன்பே அதனைப் பயன்படுத்துவோரின் நடத்தை தெரிய வந்தது.

தாளில் செய்த ஆட்டத்தில் குறை கண்டால் ஐந்து நிமிஷத்தில் வேறு அட்டை எழுதிவிடலாம். செயலியாக முடிந்தபின் அதே குறையைத் திருத்துவதற்குப் பல நாள் உழைப்பு வேண்டியிருக்கும். அழகாக முடிந்த பொருளைக் குறைகூறப் பார்ப்பவர் தயங்குவர். கையால் எழுதிய அட்டையைக் குறைகூற எவரும் தயங்குவதில்லை. கிராமப் பள்ளி ஆசிரியர் எவரும் இச்சோதனையை நடத்த முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு.

நாட்டின் நிலைமைகள்

வேற்று நாட்டில் ஆக்கப்பட்டதை மொழிபெயர்த்தால் போதும் என்னும் எண்ணம் ஆபத்தானது. கூட்டு விளையாட்டில் மாற வேண்டியது சொல் மட்டும் அன்று. அமெரிக்கத் திரைப்படப் பெயர்கள் நிறைந்த அட்டைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவதால் அவை தமிழ்க் குழந்தைகளின் அட்டைகள் ஆகா. பங்கு பெறுவோர் நான்கெழுத்து ரோமன் குறியீட்டைத் தட்ட வேண்டிய முறை, சிகாகோவின் ஜாக்பாக்ஸ் நிறுவனத்தாரின் விளையாட்டுக்களில் வழங்குவது. ஆங்கில எழுத்து அறிந்தோருக்கு அது வசதியானதே. தாய்மொழி எழுத்தை மட்டும் அறிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அதுவே கதவடைப்பாகும்.

மற்றொரு செய்தி கருவியைப் பற்றியது. ஏசர் என்னும் கல்வி ஆய்வின்படி, கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்துள்ள குழந்தைகளுள் வீட்டில் திறன்பேசி உள்ளோர் 2018 இல் 36.5 சதவீதமாக இருந்து 2021 இல் 67.6 சதவீதமாக உயர்ந்தனர். ஆயினும் 2021 இல், வீட்டில் திறன்பேசி இருந்தும் அதைப் பயன்படுத்த வாய்ப்பில்லாத குழந்தைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். வீட்டில் இருப்பதும் கையில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி வேண்டும் என்னும் விளையாட்டு இங்கே சிலரை ஆட்டக்காரராகவும் பலரைப் பார்வையாளராகவும் ஆக்கிவிடும். ஒரே கைபேசி கைமாறி வரும் விளையாட்டோ பலரையும் சேர்த்துக்கொள்ளும். அப்போதும், கைபேசி யார் கையில் அதிக நேரம் தங்குகிறது, பெண் குழந்தைகளின் கைக்கு அது வந்து சேர்கிறதா என்று நோக்க வேண்டும். வெயிலில் திரை தெரிகிறதா, வகுப்பின் இரைச்சலில் ஒலி கேட்கிறதா, இணையத் தொடர்பு அறுந்தால் ஆட்டம் நிற்கிறதா என்பனவும் அந்தந்த இடத்தில் பார்த்தாலன்றித் தெரியமாட்டா.

இந்தியாவுக்கு இம்முறை அந்நியமானதும் அன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை முடிய, செயற்கைக் கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்தப்பட்டது. அத்திட்டத்தில் நிகழ்ச்சிகளை முன்கூட்டிச் சோதித்தல் ஓர் அங்கமாயிருந்தது. சமூக விஞ்ஞானிகள் கிராமங்களிலேயே தங்கி, மக்கள் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதைக் குறித்தனர். விலையுயர்ந்த கோளைப் பயன்படுத்திய திட்டமே பார்வையாளரை நோக்கக் காலமும் பணமும் ஒதுக்கியதென்றால், ஒரு சிறு செயலிக்கு அது மிகை என்று சொல்வதற்கில்லை.

எழும் ஆட்சேபங்கள்

காலமும் செலவும் போதா என்பது முதல் ஆட்சேபம். அட்டைகளும் ஒரு கடிகாரமும் ஒரு மாலைப் பொழுதும் பெரிய செலவு ஆகமாட்டா. ஆயிரம் பள்ளிகளுக்கு அனுப்பியபின் எவரும் திறவாத செயலிக்கு ஆன செலவோ திரும்பி வராது.

எத்தனை பேர் பதிவிறக்கினர், எந்தப் பொத்தானை எத்தனை முறை தொட்டனர் என்பனவற்றைக் கணினியே எண்ணிக் கூறுகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும் என்பது இரண்டாவது. அவ்வெண்கள் பயனுடையவையே. ஆனால் மூன்றாம் நிமிஷத்தில் ஆட்டம் நின்றது என்பதை எண் சொல்லும். ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு சிறுவன் எல்லார் முன்னும் சொல்லைப் படிக்க முடியாமல் நின்றான், மற்றவர் நகைத்தனர், அவன் எழுந்து போனான் என்று கொள்க. கணினிக் கணக்கில் அது வெறும் 'ஆட்டம் முடிவுற்றது' என்னும் பதிவு. அருகிலிருந்த ஆசிரியருக்கு அது ஒரு குழந்தை அவமானப்பட்ட நிகழ்ச்சி. படிக்கும் முறையை மாற்றிப் படத்தையும் ஒலியையும் சேர்க்க வேண்டும் என்பது அவருக்கே தோன்றும்.

குழந்தைகளை நோக்கிக் குறிப்பெடுப்பது முறையா என்பது மூன்றாவது, மதிக்கத்தக்க ஆட்சேபம். 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என விதிக்கிறது. ஆகவே படமோ ஒலிப்பதிவோ எடுக்காமல், பெயர் எழுதாமல், விளையாட்டின் குறையை மட்டும் தாளில் குறிப்பதே சாலச் சிறந்தது. நோக்கம் குழந்தையை அளப்பது அன்று, கருவியை அளப்பதே.

சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. இடறிய இடத்தை ஆடுவோர் காட்டுவர். அதற்கு அவர்கள் கூறும் பரிகாரம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. 'நேரத்தைக் கூட்டுங்கள்' என்று பலர் கேட்டால், உண்மைக் குறை சொல்லின் கடினமாக இருக்கலாம். நோயாளி சொல்லும் வலியை வைத்தியர் மதிக்கிறார். மருந்தை மட்டும் தாமே ஆராய்ந்து தருகிறார். அமைப்பாளரின் திறமைக்கு வேலை அங்கேதான்.

செய்ய வேண்டுவன

கற்பிக்கும் விளையாட்டுச் செயலி எதனையும் பள்ளிகளுக்கு அனுப்புமுன், அது குறைந்தது மூன்று சுற்றுக்களில் வெவ்வேறு கூட்டங்களிடையே ஆடி நோக்கப்பட்டதா, ஒவ்வொரு சுற்றிலும் எது திருத்தப்பட்டது என்னும் ஒரு பக்கக் குறிப்பு அதனுடன் இணைக்கப்பட வேண்டும். அக்குறிப்பு இல்லாத செயலியைக் கட்டாயமாகப் பயன்படுத்துமாறு ஆசிரியரைப் பணித்தல் தகாது.

இரண்டாவதாக, களத்திலிருந்து வரும் குறிப்புக்கு ஒரு நிலையான படிவம் வேண்டும். அது நீண்டதாக இருத்தலாகாது. நான்கு வினாக்கள் போதும். முதல் ஆட்டம் தொடங்க எத்தனை நிமிஷம் ஆயிற்று? அடுத்து என்ன செய்வது என்று எத்தனை முறை கேட்டனர்? யார் அதிக நேரம் சும்மா இருந்தனர்? எவரும் தூண்டாமலே மறுமுறை ஆட விரும்பினரா? நான்காம் வினாவின் விடை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

மூன்றாவதாக, குறிப்பு அனுப்பியவருக்குப் பதில் செல்ல வேண்டும். அடுத்த பதிப்பில் எது மாறிற்று, எது ஏன் மாறவில்லை என்று இரண்டு வரி எழுதுவது அரிதன்று. பல களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் குறை எழுதுவதை விட்டுவிடுவதற்குக் காரணம் சோம்பல் அன்று. எழுதியது எங்கே சென்றது என்று அறியாமையே. செயலி சரியில்லை என்று எழுதுவோரைச் செயலியைப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று கருதும் வழக்கம் ஒழிந்தாலன்றி உண்மை மேலே வந்து சேராது.

கூட்டு விளையாட்டில் குறை நேரும்போது, பெரும்பாலும் அதற்கு ஆடுவோர் தம்மையே நொந்துகொள்கின்றனர். புரியாத விதிக்குத் தம் அறிவையும், கேளாத ஒலிக்குத் தம் காதையும், சாயாத கைபேசிக்குத் தம் கையையும் குறைகூறிக்கொள்வர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை அவ்வாறு நினைத்துவிட்டால், அந்நினைவு விளையாட்டோடு நின்றுவிடாது, கற்றலின்மேலும் கவியும். அக்குழந்தையின் தயக்கத்தை அருகிலிருந்து காணும் வாய்ப்பு ஆசிரியருக்கும் களப்பணியாளருக்குமே உண்டு. கண்டதை எழுதுவது அவர்கள் கடமை. எழுதியதைப் படித்துத் திருத்துவது அமைப்போரின் கடமை. இவ்விரண்டும் சேர்ந்து நடைபெறும்போதுதான் கைபேசியிலுள்ள விளையாட்டு அந்தாக்ஷரியைப்போல எல்லாரையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டாக அமையும்.